வீட்டுக் கணினிக்கு ஏற்ற இயங்குதளம்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, மாட்டின் தோற்றத்தை மட்டும் கண்டு விலை பேசிவிடுவதில்லை. பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். தம்முடைய நிலம் நன்செயா, புன்செயா, ஏரில் பூட்டுவதற்கா, வண்டியில் கட்டுவதற்கா என்பனவற்றையும் எண்ணிப் பார்க்கிறார். ஆனால் அவரது வீட்டில் இன்று ஒரு கணினி இருக்குமாயின், அதனை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்டால், "கடைக்காரர் போட்டுக் கொடுத்தார்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அந்தத் தேர்வைக் குடும்பத்தினரே செய்யலாம், செய்வதும் நன்று. புதிதாகப் பழகுகிறவர்கள் அதனை எவ்வாறு செய்வது என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

இரும்புலியூரில் ஒரு குடும்பம்

தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே உள்ளது இரும்புலியூர். ஜி.எஸ்.டி. சாலையும் சென்னைப் புறவழிச் சாலையும் கூடும் இடம் அது. இன்று அவ்வூர், 2021ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற தாம்பரம் மாநகராட்சியில் அடங்கியது. ஆயினும் இத்தகைய புறநகர்களில் வாழும் அநேகருக்கு மதுராந்தகம், உத்திரமேரூர் போன்ற பகுதிகளில் நிலமும் உறவும் இன்றும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

தந்தைக்குக் கிராமத்தில் மூன்று ஏக்கர் நெல் சாகுபடி. பட்டா, சிட்டா நகல்களையும் வில்லங்கச் சான்றையும் அவர் கணினியின் வழியே பெறுகிறார். தாய், மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதி வருகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டிலுள்ள கணினி 2015ஆம் ஆண்டு வாங்கியது, 4 ஜி.பி. நினைவகம் கொண்டது, விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தில் ஓடுகிறது.

இந்த இயங்குதளத்துக்கு அளித்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை, அதனை வெளியிட்ட மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. அதற்குப் பின் ஓராண்டு நீட்டிப்புக்கு ஓர் ஏற்பாடு அறிவிக்கப்பட்ட போதிலும், அது தற்காலிகமானதே. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. 2015ஆம் ஆண்டுக் கணினியில் அவை இருப்பதில்லை. ஆகவே, "இந்தக் கணினி இனி உதவாது, புதியது வாங்குங்கள்" என்ற ஆலோசனை கடையில் கிடைக்கிறது.

கணினியின் திரை நன்றாக இருக்கிறது. விசைப்பலகை நன்றாக இருக்கிறது. மின்சுற்றுகளிலும் பழுது இல்லை. காலாவதியானது மென்பொருள் மட்டுமே. கொட்டகையின் கூரை பழுதுபட்டால் கூரையை மாற்றுகிறோமே அன்றி, சுவரை இடிப்பதில்லை. ஓர் அறுவடையின் இலாபத்தைப் புதிய கணினிக்குச் செலவிடும் முன், இக்குடும்பம் மற்றொரு வழியையும் ஆராய வேண்டும்.

இயங்குதளம் என்பது யாது?

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தி, நாம் இடும் வேலைகளைச் செய்விக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். கடிதம் எழுதும் மென்பொருள், கணக்கு எழுதும் மென்பொருள், இணைய உலாவி ஆகிய யாவும் அதன் மேல் நின்றே வேலை செய்கின்றன. ஏரி நீரை எந்த மடை வழியே, எந்த வயலுக்கு, எவ்வளவு நேரம் விடுவது என்று முறை வைக்கும் நீர்க்கட்டியின் பணிக்கு இதனை ஒப்பிடலாம். நீர்க்கட்டி தம் கடமையில் தவறினால் வயல்கள் நன்றாக இருந்தும் பயிர் வாடும்.

திறந்த மூல இயங்குதளம் என்பது, அதன் மூல நிரலை எவரும் பார்க்கவும், உபயோகிக்கவும், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கவும், திருத்தி வெளியிடவும் உரிமை அளிப்பது. விவசாயிகளுக்கு இது புதிய கருத்தன்று. அறுவடையில் ஒரு பகுதியை விதைக்கு எடுத்து வைப்பதும், பக்கத்து வயல்காரருக்குக் கொடுத்து மாற்றிக்கொள்வதும் நம்முடைய பழைய வழக்கம். 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் அந்த வழக்கத்தை ஓர் உரிமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. விதையில் நாம் போற்றும் அதே உரிமையை மென்பொருளில் வழங்குவதே திறந்த மூலம்.

இம்முயற்சிக்கு 1983ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் குனு என்னும் திட்டத்தை அறிவித்து அடிகோலினார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து உருவான இயங்குதளத்தையே இன்று பொதுவாக லினக்ஸ் என்கிறோம். பலர் கூடி ஏரியின் கரையை உயர்த்தி மதகைச் செப்பனிடும் குடிமராமத்தைப் போல, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கானோர் இதனைத் திருத்தி வளர்த்து வருகின்றனர்.

"இது படித்த நிபுணர்களுக்கு உரியதல்லவா?" என்று சிலர் ஐயுறலாம். நம்மில் பெரும்பாலோரின் சட்டைப் பையிலுள்ள ஆண்டிராய்டு கைபேசி, லினக்ஸ் கருநிரலின் மேல் அமைந்ததே. அறியாமலேயே நாம் அதனை நாள்தோறும் உபயோகித்து வருகிறோம்.

நமது மாநிலத்தின் அனுபவம்

இத்துறையில் தமிழ்நாட்டுக்கு இருபது ஆண்டு அனுபவம் உண்டு. இரும்புலியூரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள குரோம்பேட்டையில், எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு. – கே.பி.சி. ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இம்மையமும் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும் சேர்ந்து, 2005ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. அதன் பயனாக 2007ஆம் ஆண்டில் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸ் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட், தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியது.

2011ஆம் ஆண்டு முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு மாநில அரசு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கியது. அவற்றில் விண்டோஸும் பாஸும் அருகருகே அமைந்திருந்தன. ஆகவே, திறந்த மூல இயங்குதளம் தமிழ்நாட்டின் பல கிராமங்களுக்குள் ஏற்கனவே நுழைந்துவிட்டது. எனினும் பல வீடுகளில் அதனைத் திறந்து பார்த்தவர் இல்லை. மென்பொருள் வந்து சேர்ந்தது, கற்பிப்பவர் வரவில்லை.

அண்டை மாநிலமாகிய கேரளத்தின் அனுபவத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கு 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் புகுத்தப்பட்டபோது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. பாடநூல்கள் அதற்கேற்ப எழுதப்பட்டன. செய்முறைத் தேர்வும் அதிலேயே நடைபெற்றது. இத்திட்டம் 2017ஆம் ஆண்டில் 'கைட்' என்ற நிறுவனமாக உருப்பெற்றது. மாணவர்கள் லினக்ஸில் பழகினார்கள், பழகியது நிலைத்தது.

மென்பொருள் இரு மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒரே வகையானதே. வேற்றுமை, ஐயம் எழுந்தபோது கேட்பதற்கு ஆள் இருந்ததிலும் இல்லாததிலும் உள்ளது. வீட்டுக்கு இயங்குதளம் தேர்ந்தெடுக்கும்போது நாம் முதன்மையாக நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இதுவே.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

"இருப்பவற்றுள் மிகச் சிறந்த லினக்ஸ் எது?" என்று கேட்பது, "உலகில் மிகச் சிறந்த நெல் எது?" என்று கேட்பதை ஒக்கும். மண்ணையும் நீரையும் பருவத்தையும் கூறாமல் விடை கூற இயலாது. எனவே கீழ்க்கண்ட கேள்விகளுக்கு முதலில் ஒரு தாளில் விடை எழுதிக்கொள்க.

1. கணினியின் வலிமை யாது? நினைவகம் எத்தனை ஜி.பி.? சேமிப்பகத்தில் காலி இடம் எவ்வளவு? செயலி 64 பிட்டா, 32 பிட்டா? பெயர் பெற்ற லினக்ஸ் வெளியீடுகளுள் பல 32 பிட்டுக் கணினிகளுக்கு இப்போது வெளிவருவதில்லை.

2. அதில் செய்யும் வேலைகள் யாவை? இணையம், கடிதம், கணக்கு, பாடம், திரைப்படம் என்பன எல்லா லினக்ஸிலும் நடைபெறும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள் எதையேனும் தொழிலுக்கு நம்பியிருந்தால், அதனைத் தனியே குறித்துக்கொள்க.

3. இணைக்கும் சாதனங்கள் எவை? அச்சுப்பொறி, வருடி, கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்துச் சாதனம் ஆகியவற்றின் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொள்க.

4. உபயோகிப்பவர் யார்? மகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவாள். தாய்க்குச் சிறிது காலம் பிடிக்கும். தந்தைக்குத் தமிழில் பட்டியல்கள் இருந்தால் சௌகரியமாக இருக்கும்.

5. ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது? பக்கத்து வீட்டு மாணவரா, பள்ளி ஆசிரியரா, உறவினரா? அவர் எந்த இயங்குதளத்தில் பழகியவர்?

இவற்றுள் ஐந்தாம் கேள்வியே தலையாயது. மற்ற நான்கும் பொருந்தி ஐந்தாவது பொருந்தாவிட்டால், சிறு தடை நேர்ந்த அன்றே கணினி மூலையில் வைக்கப்படும். மற்றவற்றில் சிறிது குறை இருப்பினும், அருகில் துணை இருந்தால் குறை தீர்ந்துவிடும்.

எவை எவை உள்ளன?

லினக்ஸ் ஒரே பெயரில் ஒரே உருவில் கிடைப்பதில்லை. பல குழுவினர் அதனைப் பலவாறு தொகுத்து வெளியிடுகின்றனர். இவை நூற்றுக்கணக்கில் உள்ளன. ஆயினும் புதிதாகப் பழகுகிறவர் கீழ்க்கண்டவற்றை மட்டும் கருதினால் போதும்.

லினக்ஸ் மின்ட்: 2006ஆம் ஆண்டு முதல் வெளிவருகிறது. விண்டோஸில் பழகிய கைக்கு இதன் முகப்பு அந்நியமாகத் தோன்றாது. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல் என அதே அமைப்புக் காணப்படும். சின்னமன், மாட்டே, எக்ஸ்.எப்.சி.இ. என மூன்று உருவங்களில் கிடைக்கிறது. இவற்றுள் கடைசியானது எளிய கணினிகளுக்கு ஏற்றது. குறைந்தது 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. இடமும் வேண்டும், 4 ஜி.பி. நினைவகம் இருப்பது நலம். 2024ஆம் ஆண்டு வெளிவந்த 22ஆம் பதிப்புக்கு 2029ஆம் ஆண்டு வரை திருத்தங்கள் கிடைக்கும்.

உபுண்டு: 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. ஆப்பிரிக்க மொழிகளில் மனிதநேயத்தைக் குறிக்கும் சொல்லையே பெயராகக் கொண்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏப்ரல் மாதத்தில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு வெளிவருகிறது. அதற்கு ஐந்து ஆண்டுகள் திருத்தங்கள் உண்டு. உபயோகிப்போர் மிகுதியாதலால், எந்த ஐயத்துக்கும் யாரேனும் முன்பே விடை எழுதியிருப்பார். ஆனால் அதன் முதன்மை வடிவத்துக்கு வலிமை சற்று அதிகமாகத் தேவை. 4 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் நெருக்கடியாக இருக்கும். அதற்கு சுபுண்டு, லுபுண்டு ஆகிய இலகுவான வடிவங்கள் உள்ளன.

பாஸ்: மேலே கூறியபடி சி-டாக் நிறுவனம் வெளியிடுவது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைக் கருத்திற் கொண்டு தொகுக்கப்பட்டது. பள்ளியிலோ அலுவலகத்திலோ இதில் பழகியவர் வீட்டில் இருந்தால், இதையே வைத்துக்கொள்வது நன்று.

டெபியன்: 1993ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. உபுண்டுவும் பாஸும் இதிலிருந்து கிளைத்தவை. மின்ட் உபுண்டுவிலிருந்து கிளைத்தது. நிலையானது, நம்பத்தக்கது. நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இதில் உண்டு. ஆயினும் ஓரளவு பழகியவர் துணை இருந்தால் இதனைத் தேர்ந்தெடுக்கலாம்.

நாம் எடுத்துக்கொண்ட இரும்புலியூர்க் குடும்பத்தின் தாளைப் பார்ப்போம். நினைவகம் 4 ஜி.பி.; செயலி 64 பிட்டு; வேலைகள் எளியவை. மகளின் கல்லூரித் தோழி ஒருத்தி மின்ட் உபயோகித்து வருகிறாள் எனக் கொள்வோம். அவ்வாறாயின், லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எப்.சி.இ. வடிவமே இவர்களுக்கு ஏற்றது. தோழிக்குப் பதிலாக, பாஸில் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் அதே தெருவில் இருப்பின், பாஸ் என்பதே நமது விடையாக இருக்கும்.

நிறுவும் முன் சோதனை

மண் பரிசோதனை செய்யாமல் உரமிடுவதில்லை. கணினியிலும் பரிசோதனைக்கு வழி உண்டு. லினக்ஸை நிறுவாமலேயே, ஒரு பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். கணினியில் உள்ள எதுவும் இதனால் மாறுவதில்லை. அதற்குரிய முறை வருமாறு:

8 ஜி.பி. அளவுள்ள பென்டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்க. அதில் உள்ளவை அழிந்துவிடும். ஆகையால் காலியானதாக இருத்தல் வேண்டும். தேர்ந்தெடுத்த இயங்குதளத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே கோப்பைப் பதிவிறக்குக. அது சில ஜி.பி. அளவுடையதாகையால், இணைய வசதி குறைந்த ஊரில் உள்ளவர்கள், பதிவிறக்கி வைத்திருக்கும் நண்பரிடம் படி எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி முறையானவையே. பிறகு ரூபஸ், எட்சர் போன்ற இலவசக் கருவி ஒன்றினால் அக்கோப்பைப் பென்டிரைவில் எழுதுக. கோப்பை வெறுமனே நகலெடுத்து வைத்தால் வேலை செய்யாது.

பென்டிரைவைச் செருகிக் கணினியைத் தொடங்கும்போது, எப்12, எப்9, எஸ்கேப் ஆகிய விசைகளுள் ஒன்றை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் தோன்றும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் லினக்ஸ் திரை தோன்றும்.

இப்போது ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். வைபை இணைகிறதா? ஒலி கேட்கிறதா? திரையின் அளவு சரியாக உள்ளதா? அச்சுப்பொறி அச்சிடுகிறதா? பட்டா, சிட்டா பார்க்கும் அரசுத் தளமும் வங்கியின் தளமும் உலாவியில் திறக்கின்றனவா? பென்டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும். நிறுவிய பின் அது சீராகும். இவற்றுள் இன்றியமையாத ஒன்று வேலை செய்யாவிட்டால் நிறுத்திக்கொள்க. வேறொரு வெளியீட்டைச் சோதிக்க. நட்டம் எதுவும் இல்லை.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

இக்கட்டுரையில் ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இயலுமாயின், அது இதுவாக இருக்கட்டும்: நிறுவுவதற்கு முன், கணினியில் உள்ளவற்றை வெளியே படியெடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளின் சான்றிதழ்கள், நிலப் பத்திரங்களின் நகல்கள், பயிர்க்கடன் தாள்கள், குழுவின் கணக்கு, மறைந்த பெரியோர்களின் புகைப்படங்கள் ஆகிய இவை யாவும் ஒரு தவறான விசையினால் அழிந்துவிடக் கூடும். புதிய கணினியைப் பணம் கொடுத்து வாங்கலாம். அழிந்த புகைப்படத்தை வாங்க இயலாது. வெளி வன்தட்டு ஒன்றில் படியெடுத்து, அதனை மற்றொரு கணினியில் திறந்து பார்த்து, சரியாக உள்ளதென்று உறுதி செய்துகொண்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்க.

நிறுவும் நிரல் ஓரிடத்தில் ஒரு கேள்வியைக் கேட்கும்: ஏற்கனவே உள்ள விண்டோஸுக்கு அருகில் நிறுவுவதா, அல்லது வன்தட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவுவதா? புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் அருகில் நிறுவுவதே நன்று. கணினியைத் தொடங்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒன்றிரண்டு மாதங்கள் பழகிய பின், விண்டோஸ் தேவையில்லை என்று தோன்றினால் அப்போது அகற்றலாம். அதுவரை வங்கி வேலைகளை, திருத்தங்கள் நின்றுபோன பழைய இயங்குதளத்தில் செய்யாதிருத்தல் நலம்.

நிறுவும்போது அமைக்கும் கடவுச்சொல், பின்னர் புதிய மென்பொருள்களைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் கேட்கப்படும். அதனை மறவாமல் குறித்து, பூட்டி வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்க. புதிய மென்பொருள் தேவைப்பட்டால், இயங்குதளத்துடன் வரும் மென்பொருள் மேலாளரின் வழியாகவே பெறுக.

பழைய கணினி மெதுவாக ஓடுகிறது என்று வருந்துவோருக்கு ஒரு யோசனை. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகத் திடநிலைச் சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினால், அக்கணினியின் வேகம் கண்கூடாக உயரும். இதற்கு ஆகும் செலவு, புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே.

தமிழில் எழுதுதல்

கிராமத்தாருக்குத் தமிழில் எழுத இயலாத கணினியால் பாதிப் பயனே உண்டு. லினக்ஸில் ஒருங்குறித் தமிழ் நன்கு தெரியும். தட்டச்சுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியை அமைத்துக்கொள்ள வேண்டும். அதில் தமிழ்99 விசைப்பலகை முறை கிடைக்கும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டின் பயனாக உருவான முறை இது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்திருப்பதால், சில வாரப் பயிற்சியில் விரைந்து எழுதலாம். ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு எழுதும் முறையும் உண்டு.

இங்கு ஒரு சிக்கலையும் கூற வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் முன்பு எழுதிய கோப்புகள், புதிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். நம் உதாரணத்திலுள்ள தாய், குழுவின் பழைய தீர்மானங்களைத் திறந்து அவை கெட்டுவிட்டன என்று அஞ்சக் கூடும். அவை கெடவில்லை. அந்த எழுத்துருவை நிறுவினாலோ, எழுத்துமாற்றி ஒன்றினால் ஒருங்குறிக்கு மாற்றினாலோ மீண்டும் படிக்கலாம். தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டில் ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆதலால் இனி எழுதுபவற்றை ஒருங்குறியிலேயே எழுதுவது முறை.

கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்புப் போதுமானது. பிற அலுவலக மென்பொருள்களில் எழுதிய கோப்புகளையும் அது திறக்கும். சிக்கலான படிவங்களில் கட்டங்கள் சற்று இடம் மாறக் கூடும். ஆகவே பிறருக்கு அனுப்பும் இறுதிப் படிவத்தை பி.டி.எப். கோப்பாக மாற்றி அனுப்புவது நன்று.

எங்கே மாற்றக் கூடாது?

திறந்த மூலம் நல்லது என்பதனால், எல்லாக் கணினிகளிலும் உடனே மாற்றிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தின் கணினியை, உறுப்பினர்களோ செயலரோ தம் விருப்பப்படி மாற்றுதல் கூடாது. ஊராட்சிகளின் திட்டமும் கணக்கும் 2020ஆம் ஆண்டு தொடங்கிய இ-கிராம சுவராஜ் தளத்தில் பதிவாகின்றன. பணம் வழங்குவதற்கு டிஜிட்டல் கையெழுத்துச் சாதனம் தேவைப்படுகிறது. அச்சாதனத்தின் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்பது அதனைத் தயாரித்தவரைப் பொறுத்தது. அது ஓடாமல் போனால், வேலை செய்தவர்களின் கூலி தாமதப்படும். எனவே அலுவலகக் கணினியில் மாற்றம் வேண்டுமாயின், உரிய அதிகாரிகளின் அனுமதியுடனும் சோதனையின் பின்னருமே செய்ய வேண்டும்.

அவ்வாறே, விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளைக் கொண்டு தொழில் நடத்துபவரும் அவசரப்பட வேண்டாம். அச்சுப்பொறிகளுள் சில, செருகிய உடனே லினக்ஸில் வேலை செய்கின்றன. வேறு சில மிகுந்த தொல்லை தருகின்றன. புதிதாக வாங்குவோர், லினக்ஸில் ஓடுமா என்று கேட்டு வாங்குக.

மற்றொன்றையும் மறவாதீர். லினக்ஸில் வைரஸ் தொல்லை குறைவு என்பது உண்மை. ஆனால் தொலைபேசியில் அழைத்து இரகசிய எண்ணைக் கேட்டு ஏமாற்றுபவனை எந்த இயங்குதளமும் தடுத்துவிடாது. அதற்குரிய காவல் நம் எச்சரிக்கையே.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது

நம் மாநிலத்தின் அனுபவத்தில் கண்ட குறை, மென்பொருள் இன்மை அன்று, துணை இன்மையே. இக்குறையைத் தீர்க்கப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பஞ்சாயத்து உறுப்பினர்களின் ஊக்கம் போதும்.

ஊரில் எத்தனை பழைய கணினிகளும் மடிக்கணினிகளும் உபயோகமின்றிக் கிடக்கின்றன என்று முதலில் கணக்கெடுக்கலாம். விலையில்லாத் திட்டத்தில் பெற்ற மடிக்கணினிகள் பல, மின்கலம் மட்டும் பழுதுபட்ட நிலையில் அலமாரிகளில் இருக்கும். அடுத்து, ஊரிலுள்ள கல்லூரி மாணவ மாணவியருள் ஆர்வமுடைய இருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களைப் பயிற்சி பெறச் செய்யலாம். இதற்கு உதவக் கூடிய தன்னார்வக் குழுக்கள் நம்மிடையே உள்ளன. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழுவும் தமிழிலேயே இப்பணியைச் செய்து வருகின்றன. 2012ஆம் ஆண்டு தொடங்கிய 'கணியம்' என்ற இணைய இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் நூல்களையும் தமிழில் இலவசமாக வழங்குகிறது.

பின்னர், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கூடி, கணினியுடன் வருவோருக்கு நிறுவிக் கொடுக்கவும் ஐயம் தீர்க்கவும் ஏற்பாடு செய்யலாம். ஊரார் யாவரும் கூடிய வரையில் ஒரே வகை இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் கற்றது பத்துப் பேருக்கு உதவும். ஒரே ஏரியின் கீழ் ஒரே பருவத்துப் பயிர் இடுவதால் நீர் முறை எளிதாவது போல, இதிலும் கற்பிக்கும் வேலை எளிதாகும்.

இரும்புலியூர்க் குடும்பத்துக்கு மீண்டும் வருவோம். ஒரு பென்டிரைவின் விலை, இரண்டு மாலை நேரங்களின் உழைப்பு, தோழி ஒருத்தியின் துணை ஆகியவையே அவர்களுக்குத் தேவைப்படுவன. அதற்குப் பின் தாய் தம் குழுவின் கணக்கைத் தமிழில் எழுதுவார். தந்தை சிட்டா நகலைப் பார்ப்பார். மகள் பாடம் படிப்பாள். புதிய கணினிக்கென எடுத்து வைத்த பணம், அடுத்த பருவத்தின் விதைக்கும் உரத்துக்கும் உதவும்.

இதனைப் படிக்கும் அன்பர்கள், இன்றே மேற்கூறிய ஐந்து கேள்விகளுக்கும் விடை எழுதிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஐந்தாவது கேள்விக்கு எதிரில் ஒரு பெயரை எழுத முடிந்தவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சோதனையைத் தொடங்கலாம். பெயர் எழுத இயலாதவர்கள், அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இக்குறையைக் கூறி, ஊருக்கு இரண்டு இளைஞர்களையேனும் பயிற்றுவிக்க வழி தேட வேண்டும்.